இருதயம் சீரானது, மனம்?

(பிறவி இருதய நோயுடன் வாழும் பெரியவர்களின் மனநலம் குறித்துத் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இருதய நோய் என்றதும் நம் நினைவுக்கு யார் வருகிறார்? ஐம்பது வயதைத் தாண்டியவர், இரத்தக் கொதிப்பு உள்ளவர், புகை பிடிப்பவர். அவரை விட்டால், நாளிதழில் படத்துடன் வரும் ஒரு கைக்குழந்தை. "இருதயத்தில் ஓட்டை, அறுவைச் சிகிச்சைக்கு உதவுங்கள்" என்று பெற்றோர் கேட்டிருப்பார்கள். நம் மக்கள் இளகிய மனத்தினர். பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி என்று அனுப்புவார்கள். சில வாரங்கள் கழித்து, "அறுவைச் சிகிச்சை வெற்றி, பெற்றோர் நன்றி" என்று செய்தி வரும். நாமும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

அந்தக் குழந்தைக்கு இப்போது என்ன வயது? இருபத்தைந்து இருக்கலாம், முப்பத்தைந்து இருக்கலாம். எங்கோ ஓர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்துகொண்டிருக்கலாம். இரவில் படுக்கும்போது இருதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டதுபோல் தோன்றினால், அந்த நேரத்தில் அந்த மனிதரின் மனத்தில் என்ன ஓடுகிறது? அதை நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா? இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

பிழைக்க வைத்த மருத்துவம்

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 அல்லது 9 குழந்தைகள் இருதயத்தின் அமைப்பில் ஏதோ ஒரு குறையுடன் பிறக்கின்றன. சிலருக்குச் சிறு துவாரம். அது தானாகவே மூடிக்கொள்ளும். சிலருக்கு வால்வு சரியாகத் திறக்காது. வேறு சிலருக்கு இரத்தக் குழாய்கள் இடம் மாறியிருக்கும். இன்னும் சிலருக்கு இருதயத்தின் இரண்டு கீழறைகளில் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்யும்.

ஒரு காலத்தில் இவர்களில் கடுமையான குறை உள்ளவர்களுக்குச் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. 1944 நவம்பர் 29ஆம் தேதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடல் நீலம் பாரித்திருந்த 15 மாதப் பெண் குழந்தைக்கு டாக்டர் ஆல்ஃபிரட் பிளேலாக் ஓர் அறுவைச் சிகிச்சை செய்தார். அதற்கான யோசனையைச் சொன்னவர் குழந்தை மருத்துவர் ஹெலன் டாஸிக் என்ற பெண்மணி. ஆய்வுக்கூடத்தில் அந்த முறையைச் செய்து பழகி, அறுவைக் கூடத்தில் பிளேலாக்கின் பின்னால் நின்று வழிகாட்டியவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் பெற வாய்ப்பில்லாத கறுப்பினத்தவர் அவர். 1953இல் டாக்டர் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சிறிது நேரம் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, 18 வயதுப் பெண்ணின் இருதய ஓட்டையை மூடினார்.

அப்படித் தொடங்கிய மருத்துவம் இன்று எங்கே வந்து நிற்கிறது? வசதி படைத்த நாடுகளில், இருதயக் குறையுடன் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். அந்த நாடுகளில் இந்த நோயுடன் வாழும் குழந்தைகளைவிடப் பெரியவர்களே அதிகம். நம் நாட்டிலும், ஐ.ஜே.என். என்று நாம் அழைக்கும் தேசிய இருதயக் கழகம் 1992இல் தொடங்கப்பட்ட பிறகு, எத்தனையோ குழந்தைகள் அங்கே மறுபிறவி எடுத்திருக்கிறார்கள். அவர்கள் இன்று வாக்களிக்கும் வயதைக் கடந்துவிட்டார்கள்.

'சரியாகிவிட்டது' என்ற சொல்

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் வீட்டில் எல்லோரும் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "சரியாகிவிட்டது!" சொல்பவர்களைக் குறை கூற முடியாது. அறுவைக் கூடத்தின் வாசலில் பிள்ளையைத் தாதியின் கையில் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தாய்க்கு, அந்தச் சொல் தேவைப்பட்டது.

மருத்துவம் சொல்வது சற்று வேறு. சிறிய ஓட்டையைக் குழந்தைப் பருவத்திலேயே மூடியவர்களில் பலர் மற்றவர்களைப் போலவே வாழ்கிறார்கள். ஆனால் நான்கு குறைகள் சேர்ந்து வரும் 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ' நோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு, இருபது முப்பது ஆண்டுகள் கழித்து நுரையீரலுக்குச் செல்லும் பாதையில் உள்ள வால்வு கசிந்து, அதை மாற்ற வேண்டி வரலாம். அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில் உள்ள தழும்பு, பிற்காலத்தில் இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம். ஒற்றைக் கீழறையுடன் வாழ்பவருக்கு இருதயம் மட்டுமின்றிக் கல்லீரலையும் கவனிக்க வேண்டியிருக்கும். ஆகவே பெரும்பாலோருக்கு இது பழுது பார்க்கப்பட்ட இருதயம். ஆயுள் முழுவதும் கண்காணிப்பு வேண்டும்.

இப்போது அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்து பாருங்கள். வீட்டில் எல்லோரும் "உனக்கு ஒன்றுமில்லை" என்கிறார்கள். ஆனால் மருத்துவரைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. படம் எடுக்கிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள். 'ஒன்றுமில்லை என்றால் இதெல்லாம் எதற்கு? அம்மா எதையோ மறைக்கிறாரோ?' இந்தச் சந்தேகத்தை அவன் யாரிடம் கேட்பான்? கேட்டால் அம்மா அழுவார். அதனால் கேட்பதில்லை. அன்று மூடிய வாய், முப்பது வயதிலும் மூடியே இருக்கிறது.

எண்கள் சொல்வது என்ன?

அமெரிக்க இருதயச் சங்கம் 2022இல் இது குறித்து ஓர் அறிவியல் அறிக்கை வெளியிட்டது. பிறவி இருதய நோயுடன் வாழும் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரிடம் மனப்பதற்றம் அல்லது மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்படுவதாகவும், வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மருத்துவ ரீதியாகக் கணிக்கத்தக்க அளவுக்கு அது வருவதாகவும் அந்த அறிக்கை கூறுகிறது.

அதற்கு முன்பே, 2009இல் வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு முடிவு வெளியானது. அதில் நேர்காணல் செய்யப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இப்படிப்பட்ட மனப்பாதிப்பு வந்திருந்தது. அவர்களில் நூற்றுக்கு 39 பேர் அதற்காக எந்தச் சிகிச்சையும் பெற்றதில்லை. இருதயத்துக்கு எத்தனையோ முறை மருத்துவமனைக்குப் போனவர்கள்தாம் இவர்கள். மனத்துக்காக ஒருமுறைகூடப் போகவில்லை.

அந்த ஆய்வில் நம்மைச் சிந்திக்க வைக்கும் இன்னொரு செய்தியும் உண்டு. இருதயக் குறை எவ்வளவு கடுமையானதோ அவ்வளவுக்கு மனவேதனையும் அதிகம் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி இல்லை. நோயின் கடுமைக்கும் மனச்சோர்வுக்கும் அங்கே தொடர்பு காணப்படவில்லை. மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார், தம் உடல்நிலையைத் தாமே எப்படிப் பார்க்கிறார் என்ற இரண்டுமே மனநிலையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. இதன் பொருள் என்ன? சிறிய ஓட்டைதானே என்று யாரையும் அலட்சியப்படுத்தக் கூடாது. கடுமையான நோய்தானே, இவர் சோர்ந்துதான் இருப்பார் என்று யாரையும் கைவிடவும் கூடாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்னை உட்பட உலகின் 15 நாடுகளில் உள்ள மருத்துவமனைகளில், இந்த நோயுடன் வாழும் 4,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் வாழ்க்கைத் தரம் பற்றிக் கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. பொதுவாக அவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாகவே இருப்பதாகச் சொன்னார்கள். எனவே இவர்களைப் பரிதாபத்துடன் பார்க்க வேண்டியதில்லை. நன்றாக வாழ்கிறவர்கள் இவர்கள். துன்பப்படும் நேரத்தில் துணை வேண்டும், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் நடப்பது

இந்த மனவேதனை எங்கிருந்து வருகிறது? சிறு வயதில் ஊசியும் குழாயும் வலியும் பட்ட நினைவு சிலரை வளர்ந்த பிறகும் துரத்துகிறது. மருத்துவமனையின் மருந்து வாடை பட்டாலே சிலருக்குக் கை சில்லிட்டுப் போகும். நெஞ்சின் நடுவே ஓடும் தழும்பு சிலருக்குப் பெரிய பாரம். நீச்சல் குளத்துக்குப் போகமாட்டார்கள். கழுத்து சற்று இறங்கிய ரவிக்கை அணியமாட்டார்கள். உடற்பயிற்சிப் பாடத்தில் எல்லோரும் ஓடும்போது மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளை, வளர்ந்த பிறகும் மனத்தளவில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

பெற்றோரின் அளவு கடந்த பாதுகாப்பும் ஒரு காரணம். "ஓடாதே, தூக்காதே, மழையில் நனையாதே, கேம்ப்புக்குப் போகாதே!" பாசத்தால் சொல்வதுதான். ஆனால் இதைத் தினமும் கேட்டு வளரும் பிள்ளை, 'என் உடம்பு நம்பத் தகாதது' என்ற பாடத்தையே கற்றுக்கொள்கிறது. இன்று மருத்துவர்கள், அவரவர் உடல்நிலைக்கு ஏற்ற உடற்பயிற்சியைச் செய்யத்தான் சொல்கிறார்கள். எது கூடும், எது கூடாது என்பதை மருத்துவர் சொல்லட்டும். நம் அச்சம் அதைத் தீர்மானிக்க வேண்டாம்.

அடுத்து, திருமணம். இங்கே நான் சற்று அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது. "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம். ஆப்பரேஷன் செய்ததைச் சொல்லாதே. தழும்பைக் கேட்டால் சின்ன வயதில் கீழே விழுந்தேன் என்று சொல்!" இப்படிச் சொல்லி அனுப்பும் வீடுகள் உண்டா, இல்லையா? அந்தப் பெண் மாத்திரையைக் கைப்பைக்குள் ஒளித்து வைக்கிறாள். மருத்துவமனைக்குப் போனால் தெரிந்துவிடும் என்று போகாமல் இருக்கிறாள். பிறகு கருவுறுகிறாள்.

நேயர்களே, இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. பிறவி இருதய நோய் உள்ள பெண்களில் பலர், தக்க மருத்துவக் கண்காணிப்புடன் நல்லபடியாகக் குழந்தை பெறுகிறார்கள். ஆனால் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிக உயர்ந்துவிட்ட பெண்ணுக்குக் கர்ப்பமே உயிருக்கு ஆபத்தாகலாம். இரத்தம் உறையாமல் இருக்க உட்கொள்ளும் வார்ஃபரின் மருந்து கருவைப் பாதிக்கக்கூடும். ஆகவே கருவுறுவதற்கு முன்பே இருதய மருத்துவரிடம் பேசியிருக்க வேண்டும். மறைத்து வாழ்பவள் எப்படிப் பேசுவாள்? கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே ஒவ்வொரு நாளையும் கழிப்பவளுக்கு மனம் எப்படி நிம்மதியாக இருக்கும்? ஆண்களின் கதையும் இதுதான். 'உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்ற முடியுமா?' என்று பெண் வீட்டார் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள்.

வேலை இடத்திலும் இதே நிலைதான். விண்ணப்பப் பாரத்தில் நோய் விவரம் கேட்கும் கட்டத்தைக் கண்டதும் பேனா நின்றுவிடுகிறது. உண்மையை எழுதினால் வேலை கிடைக்குமா? எழுதாவிட்டால் நாளை பிரச்சினையாகுமா? காப்புறுதி வாங்கப் போனாலும் இதே கவலை. மற்றவர்கள் அரை நிமிடத்தில் கடந்து போகும் ஒரு பாரம், இவர்களின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

படபடப்பு இருதயத்திலா, மனத்திலா?

மனப்பதற்றம் உச்சத்துக்குப் போகும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வியர்க்கும், செத்துவிடுவோமோ என்று தோன்றும். இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டாலும் ஏறக்குறைய இதேபோல்தான் இருக்கும். சாதாரண மனிதருக்கே குழப்பம் தரும் விஷயம் இது. பிறவியிலேயே இருதயக் குறை உள்ளவருக்கு எப்படி இருக்கும்?

இங்கே இரண்டு வகையான தவறு நடக்கிறது. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று உண்மையான இருதயக் கோளாற்றைத் தட்டிக்கழிப்பது ஒன்று. ஒவ்வொரு படபடப்புக்கும் அவசரப் பிரிவுக்கு ஓடி, 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டு, அந்த மனப்பதற்றத்துக்கு யாருமே சிகிச்சை தராமல் போவது மற்றொன்று. முதலில் இருதயத்தைப் பரிசோதித்துவிட வேண்டும். படபடப்புடன் மயக்கம், நெஞ்சு வலி, நிற்காத மூச்சுத்திணறல் இருந்தால் தயங்காமல் 999ஐ அழையுங்கள். இருதயம் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பின்னும் இப்படித் தொடர்ந்து வந்தால், அது மனம் கேட்கும் உதவி. அதையும் மருத்துவரிடமே சொல்லுங்கள்.

காணாமல் போகும் நோயாளிகள்

உலகெங்கும் மருத்துவர்கள் கவலைப்படும் ஒரு விஷயம் உண்டு. குழந்தைப் பருவத்தில் தவறாமல் பரிசோதனைக்கு வந்தவர்கள், பதினெட்டு, இருபது வயதில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். எஸ்.பி.எம். முடிகிறது, வெளியூரில் படிப்பு, பிறகு வேலை. அதுவரை அம்மாதான் தேதியை நினைவில் வைத்து அழைத்துப் போனார். குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாற வேண்டிய நேரத்தில் தொடர்பு அறுந்துவிடுகிறது. சிலர் 'சரியாகிவிட்டது' என்று நம்பிப் போகாமல் இருக்கிறார்கள். வேறு சிலர், போனால் கெட்ட செய்தி சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் போகாமல் இருக்கிறார்கள். பார்த்தீர்களா? மனத்தின் பயம் இருதயத்தின் பாதுகாப்பைப் பறிக்கிறது. மனநலத்தைக் கவனிப்பது இருதயத்தைக் காப்பதற்கும் வேண்டிய வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

முதலில், இந்த நோயுடன் வாழும் சகோதர சகோதரிகளுக்கு. உங்கள் நோயின் பெயர் என்ன, எந்த ஆண்டில் என்ன சிகிச்சை நடந்தது, இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தெரியாத நோய் தரும் பயம், தெரிந்த நோய் தரும் பயத்தைவிடப் பெரியது. அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, "டாக்டர், எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, மனம் சோர்ந்தே கிடக்கிறது, தூக்கமில்லை என்றால் உதவி நாடுங்கள். மனநல ஆலோசனை, எண்ணங்களைச் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து என்று பலன் தரும் வழிகள் இருக்கின்றன. ஆனால் நீங்களாகவே மருந்து வாங்கிச் சாப்பிடாதீர்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் இருதயத் துடிப்பைப் பாதிக்கலாம். நாட்டு மருந்து, மூலிகை என்றாலும் வார்ஃபரின் சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கோயிலுக்குப் போங்கள், பிரார்த்தனை செய்யுங்கள். அது தரும் ஆறுதலை நான் மறுக்கவில்லை. அதோடு சிகிச்சையும் இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் பதின்ம வயது வந்ததும் மருத்துவரிடம் அவனையே பேச விடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், பதில் சொல்வது அவனாக இருக்கட்டும். வீட்டில் அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சு வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். அன்று நீங்கள் எப்படிப் பயந்தீர்கள் என்பதையும் அவனிடம் சொல்லலாம். 'அம்மாவும் பயந்தார், ஆனாலும் சமாளித்தார்' என்று தெரிவது பிள்ளைக்குப் பெரிய பலம். வரன் பார்க்கும்போது உண்மையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்மை தெரிந்து விலகிப் போகும் சம்பந்தம், தெரியாமல் கூடி வரும் சம்பந்தத்தைவிட எவ்வளவோ மேல்.

மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் ஒன்று. உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். இரண்டே கேள்வி போதும். "அண்மையில் மனம் சோர்ந்திருக்கிறதா? வழக்கமாகப் பிடித்த விஷயங்களில் நாட்டம் குறைந்திருக்கிறதா?" இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் இதையும் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டால், கேட்கப்படுபவருக்குக் கூச்சம் இருக்காது.

உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் முதலில் பேசலாம். சுகாதார அமைச்சின் மென்டாரி சமூக மனநல மையங்கள் இருக்கின்றன. 15555 என்ற எண்ணில் அமைச்சின் 'ஹீல்' உதவித் தொலைபேசி 2022இல் தொடங்கப்பட்டது. பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழையுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவை நம் நாடு 2023இல் நீக்கிவிட்டது. போலீஸ் வருமோ என்ற பயம் இனி யாரையும் தடுக்க வேண்டியதில்லை.

மனநல மருத்துவரைப் பார்த்தால் 'பைத்தியம்' என்று சொல்லிவிடுவார்களே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். நெஞ்சைத் திறந்து சிகிச்சை பெறுவதற்கு நீங்கள் வெட்கப்படவில்லை. மனத்தைத் திறந்து பேசுவதற்கு மட்டும் ஏன் வெட்கம்?

நிறைவாக, நிதி கொடுத்த நம் சமுதாயத்துக்கு. நாம் கொடுத்த பத்து வெள்ளியும் ஐம்பது வெள்ளியும் வீண் போகவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். உங்கள் உறவில், அண்டை வீட்டில், அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருந்தால், "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "மனசு எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சற்றுப் பொறுமையாக இருங்கள்.